பயிற்சியும் ஆராயும் திறனும்

 

வேலை செய்வோருக்குப் பயிற்சி அளிப்பது என்றால், "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லிக் கொடுப்பதே என்று நம்மிற் பலர் கருதுகிறோம். ஆனால், சொல்லிக் கொடுத்தது பொருந்தாத நாள் ஒன்று வந்தே தீரும். அன்று துணை நிற்பது, தாமே கண்டு ஆராய்ந்து முடிவு செய்யும் திறன்தான். இதற்கு இந்தோனேசிய நெல் விவசாயிகளின் அனுபவம் தக்க சான்றாகும்.

அந்நாட்டு அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் அளித்து வந்தது. விவசாயிகளும் தவறாது தெளித்து வந்தனர். எனினும் 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் புகையான் பெருகிப் பயிரை அழித்தது. காரணம் யாது? புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றது. இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகளோ தப்பின. பொரித்து வந்த இளம் பூச்சிகளுக்கு வயலில் எதிரியே இல்லை! 1986 நவம்பரில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது என்று அரசு தடை செய்தது.

தடை மட்டும் போதுமா? விவசாயிக்கு ஆராயும் கண் வேண்டுமன்றோ? ஆகவே, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப் பெற்றன. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒருமுறை, ஒரு போகம் முழுவதும் வயலிலேயே கூடினர். ஒரு துண்டில் வழக்கமான சாகுபடி. மற்றொன்றில் தாங்கள் ஆராய்ந்து எடுத்த முடிவின்படி சாகுபடி. தூர்களையும் பூச்சிகளையும் எண்ணினர்; பெரிய தாளில் படமாக வரைந்தனர்; மருந்து தேவையா, இல்லையா என்று வாதிட்டனர். "இது என்ன பூச்சி?" என்று ஒருவர் வினவினால், பயிற்சியாளர் உடனே விடை கூறமாட்டார். "எங்கே கண்டீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக அடைத்து வைத்து, எது எதைத் தின்கிறது என்று அவர்களே கண்டறிந்தனர்.

இம்முறைக்குக் காலமும் பொருளும் மிகுதியாகத் தேவை. பயின்றவரிடமிருந்து பயிலாத அயலாருக்கு இத்திறன் எளிதில் பரவுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டின. மருந்தின் பெயரை வாய்மொழியாகச் சொல்லிவிடலாம். ஆராயும் பழக்கத்தை அவரவரே பழகித்தான் பெற வேண்டும்.

பஞ்சாயத்துப் பணிகளுக்கும் இது பொருந்தும். குடிநீர்த் தொட்டி நிரம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் இயக்குபவரைக் கடிந்துகொள்வதற்கு முன், "என்ன கண்டீர்கள்? காரணம் எதுவென்று நினைக்கிறீர்கள்? அதை எவ்வாறு சோதிக்கலாம்?" என்று கேட்போம். மின்னழுத்தம் குறைந்ததா, குழாய் கசிகிறதா, கிணற்றில் நீர் இறங்கியதா என்று அவரே பார்த்து வரட்டும். அவர் கூறுவது நம் கருத்துக்கு மாறாக இருப்பினும் பொறுமையுடன் செவிமடுப்போம். பயனைக் கண்டு முடிவைத் திருத்திக்கொள்வோம்.

கேள்வி கேட்பவரை அடக்கும் ஊரில் தவறுகள் மறைந்தே வளரும். அடுத்த பயிற்சி வகுப்பில் விடைகளைக் குறைத்து வினாக்களைப் பெருக்க நாம் அனைவரும் முன்வருவோமாக!