சாவா மூவா நிதி



மறைந்த ஒருவரின் பெயரால் நிதி ஒன்றை நிறுவி, அதன் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் மாணவர்க்கு உதவித்தொகை வழங்குதல் நம் நாட்டில் வழங்கிவரும் நல்ல வழக்கங்களுள் ஒன்று. உங்களுள் சிலர் அவ்வுதவியைப் பெற்றிருக்கலாம். பலர், ஆண்டு விழாவில் அந்நிதிகளின் பெயர்கள் படிக்கப்படும்போது கைதட்டியிருக்கலாம். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யாவர், அவர் பெயரால் நிதி ஏன் எழுந்தது, ஒருமுறை கொடுத்த பொருள் பல்லாண்டு வற்றாது வருவது எங்ஙனம் என்பவற்றை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. புற்றுநோயால் மாண்ட பெண்டிரின் நினைவாக எழுந்த நிதிகளை முன்வைத்து, இவற்றை உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், முக்கொம்பை அடுத்த சிற்றூரில் வாழை பயிரிடும் பெரியவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவர் பிள்ளைகள் என்னிடம் பயின்றவர்கள். அவருடைய மனைவியார் மார்பகப் புற்றுநோயால் இறந்து ஓராண்டு நிறைய இருந்தது. அவ்வம்மையார் கட்டி தோன்றிய காலத்திலேயே அதனை உணர்ந்திருந்தும், நாணத்தால் எவரிடமும் கூறாது பல திங்கள் மறைத்துவிட்டார். மருத்துவரிடம் சென்றபோது நோய் முற்றியிருந்தது.

"ஐயா, அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். மேலே படித்திருந்தால் கூசாமல் வாய்திறந்து சொல்லியிருப்பாள். அவள் பெயரால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டும். ஓர் இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எத்தனை காலத்துக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

மூன்றும் எளிய வினாக்கள் போலத் தோன்றும். ஆனால், ஒரு நிதி நிலைப்பதும் நிலையாது போவதும் இம்மூன்றுக்கும் கூறப்படும் விடையைப் பொறுத்தவையே.

முதல் வினாவுக்கு அவர் ஊர் அணையையே சான்றாகக் காட்டினேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கம் தீவாகத் திகழ்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆகவே தடுப்பார் இல்லாத காலத்தில் பெரும்பகுதி நீர் அப்பள்ளத்தை நாடி ஓடிக் கடலில் கலந்தது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அவ்வணை புதிதாக நீரை உண்டாக்கவில்லை. பள்ளம் நோக்கி ஓடிய நீரை வயல் நோக்கித் திருப்பியது, அவ்வளவே. துயரும் வெள்ளம் போன்றதே. நினைவு நாளன்று ஊரழைத்து விருந்திட்டால் அவ்விலட்சம் ஒரு பொழுதில் ஓடிவிடும். அதனைத் தடுத்து ஒரு வாய்க்காலில் திருப்பினால், ஆண்டுக்கு ஒரு வீட்டிலேனும் பயிர் விளையும்.

இம்முறை மேலைநாட்டாரிடமிருந்து நாம் கற்றதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் நந்தா விளக்கெரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுத்த செய்தியைப் பலவிடத்தும் காணலாம். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமோ எனின், இருக்காது. ஆனால் இடையர் அம்மந்தையைப் பேணி, இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, தொண்ணூற்றாறு என்னும் எண் குறையாது காப்பர். நாள்தோறும் உரிய நெய்யைக் கோயிலுக்கு அளப்பர். ஆடு மாறும், மந்தை மாறாது. முதலைத் தொடாது வருவாயை மட்டும் செலவிடுதல் என்னும் நெறியை இதனினும் அழகாக விளக்க இயலுமோ?

இங்கே ஒரு கணக்கையும் கருத வேண்டும். ஓர் இலட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 6 வட்டியெனில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும். விலைவாசி ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் ஏறுமாயின், ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அத்தொகையின் வாங்கும் ஆற்றல் பாதியாகிவிடும். ஓராண்டுக் கட்டணம் முழுவதையும் செலுத்திய பழைய நிதிகள் சில, இன்று ஒரு குறிப்பேட்டுக்கும் போதாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே 4,000 ரூபாயை மாணவிக்கு அளித்து, 2,000 ரூபாயை முதலோடு சேர்க்குமாறும், பின்னர் இயன்றபோது மேலும் முதலிடுமாறும் கூறினேன். குட்டிகளை மந்தையில் சேர்ப்பது போன்றதே இது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளுள் ஒன்பது வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். கல்லால் கட்டியதற்கும் காவல் வேண்டும்; காசால் கட்டியதற்கு வேண்டாவோ?

இனி, யாருக்குக் கொடுப்பது என்னும் வினா. இதற்கு விடையாக மெகர்பாய் தாத்தா அம்மையாரின் வரலாற்றைக் கூறினேன். 1879ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த இவ்வம்மையார் பெங்களூரில் வளர்ந்தவர். 1898இல் சாம்செட்சி தாத்தாவின் மூத்த மகனாராகிய தொராப்சியை மணந்தார். சேலையணிந்தே டென்னிசு ஆடிப் பரிசுகள் பல வென்றார். பெண்கல்விக்காக உழைத்தார், 1929இல் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறுதற்கு ஆதரவு திரட்டினார். 1931ஆம் ஆண்டு சூன் திங்களில் இரத்தப் புற்றுநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அந்நாளில் அந்நோய்க்கு மருந்து உலகில் எங்கும் இல்லை. பெருஞ்செல்வமும் புகழ்பெற்ற மருத்துவரும் அருகிருந்தும் பயனில்லாது போயிற்று.

மக்கட்பேறு இல்லாத தொராப்சி, மறு ஆண்டிலேயே, அதாவது 1932இல், மனைவியார் பெயரால் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அதன் விதி கருதத்தக்கது. வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு, எந்த நாட்டினராயினும் இரத்தப் புற்றுநோயை ஆராய்வோர்க்கு உரியது. எஞ்சிய ஒரு பங்கு, நோயால் வரும் துன்பத்தைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காக இந்தியாவில் செலவிடற்குரியது. தம் உறவினர்க்கு, தம் சமயத்தார்க்கு, தம் ஊரார்க்கு என்று அவர் வரையறுக்கவில்லை. நோய் எல்லை பாராது. ஆதலின் அதனை எதிர்க்கும் அறிவுக்கும் எல்லை கூடாது என்பதே அவ்விதியின் உட்பொருள். அவ்வாண்டிலேயே அம்மையார் பெயரால் மற்றொரு கல்வி நிதியும் எழுந்தது. பட்டம் பெற்ற இந்தியப் பெண்கள் வெளிநாடு சென்று சமூகப்பணி முதலிய துறைகளில் மேற்கல்வி பெறுதற்கு அது துணைபுரிகிறது. தொராப்சியோ 1932ஆம் ஆண்டு சூன் திங்களில், மனைவியார் மறைந்து ஓராண்டு நிறையுமுன்னரே காலமானார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அமைந்த அறக்கட்டளை, 1941இல் பம்பாயில் தாத்தா நினைவு மருத்துவமனையைத் தோற்றுவித்தது.

பெருஞ்செல்வர்க்கே இது கூடும் என்று எண்ணாதீர்கள். நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் ஏந்தி, ஊரார் கொடுத்த பொருளையும் திரட்டி, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். சிறிதாகத் தொடங்கிய அந்நிலையம் இன்று நாடறிந்த மருத்துவ, ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

மூன்றாவது வினா, எப்படிக் கொடுப்பது என்பது. பெறுபவர் நாணாதவாறு கொடுக்க வேண்டும். மேடையில் நிறுத்தி வறுமையை விரித்துரைத்துக் கொடுக்கும் உதவி, கையை நிரப்பி மனத்தை வறிதாக்கும். நிதி பெறும் மாணவர் இரவலர் அல்லர். எதிர்காலத்தின் பொருட்டு நம்மால் நம்பப்பட்டவர். எல்லாப்பிரகதா சுப்பாராவ் என்பாரை எண்ணுங்கள். ஆந்திரப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், மாமனார் தந்த பொருளையும் காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் துணையையும் கொண்டு, 1920களில் அமெரிக்கா சென்றார். பின்னாளில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு உருவாக்கிய மருந்தொன்றை, பாசுடன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்தார். அவர்களுள் பதின்மருக்கு நோய் சிறிது காலமேனும் தணிந்தது. அச்செய்தி 1948இல் வெளியாயிற்று. மெகர்பாய் அம்மையாரைக் கொன்ற நோயினத்துக்கு எதிரே மருந்தொன்று முதன்முறையாகத் தலைநிமிர்ந்து நின்றது. அவ்வழியிலே வளர்ந்த மருத்துவத்தால், நல்ல சிகிச்சை கிட்டும் இடங்களில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர். சுப்பாராவ் கப்பலேறியபோது, அவருக்குத் துணைநின்றோர் இதனைக் கனவிலும் கண்டிருப்பரோ?

இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்ட பெரியவர், நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "எங்கள் உறவில் உள்ள பெண்களுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம் ஐயா. சாதி, சமயம் எதுவும் எழுத வேண்டாம். பத்தாம் வகுப்போடு நிற்கும் நிலையிலுள்ள பெண் எவளாயினும், அவள் மேலே படிக்கட்டும். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருநாள் பெண் மருத்துவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, இந்நோயைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் சொல்லவைக்க வேண்டும். என் வீட்டில் நடந்தது வேறெங்கும் நடக்கக்கூடாது" என்றார். நான் கூறியவை அனைத்தினும் அவர் சேர்த்த அவ்விதியே சிறந்தது. அவ்வாறே எழுதினோம். முதலாண்டு உதவி பெற்ற மாணவி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மருத்துவரின் பேச்சைக் கேட்கப் பள்ளிக்கு வந்த தாய்மார், வகுப்பறையில் இடம் போதாது தாழ்வாரத்திலும் அமர்ந்திருந்தனர்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கூற விரும்புபவை இரண்டு. ஒருவர் பெயரால் அமைந்த உதவியை நீங்கள் பெறுவீராயின், அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டறியுங்கள். அவரிடம் அக்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது, அவர் இல்லை. உங்களுக்குப் பின்னே வருபவரிடந்தான் அதனைச் செலுத்த இயலும். நீங்கள் பொருளீட்டும் காலத்தில், பயின்ற பள்ளியின் நிதியோடு ஒரு சிறு தொகையைச் சேர்ப்பீராயின், மந்தையில் ஒரு குட்டியைச் சேர்த்தவராவீர்.

மற்றொன்று, பொருள் வேண்டாத அறம். இன்று மாலை உங்கள் தாயாரிடமும் தமக்கையரிடமும் பேசுங்கள். உடலில் கட்டியோ, ஆறாத புண்ணோ, காரணமறியாத இரத்தப்போக்கோ தோன்றின் மறைக்க வேண்டா என்றும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் கூறுங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் புற்றுநோய்களுள் பல குணப்படுத்தத்தக்கவை. நினைவு நிதி ஒன்றை நிறுவுதல் நல்லது. அதற்குத் தேவை நேராதவாறு ஓர் உயிரைக் காத்தல் அதனினும் நல்லது.