குறைந்த செலவில் வான்கோழிக் கறி: குடும்பம் முழுவதற்கும் ஒரே பந்தி

(வீராம்பட்டினத்தில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

குடும்ப நலம் பற்றிப் பேச வந்தவர் கோழிக்கறி, வான்கோழி என்று சமையல் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். குடும்ப நலம் ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை. வீட்டு அடுப்பங்கரையில்தான் தொடங்குகிறது. அடுப்பில் என்ன வேகிறது என்பது ஒரு விஷயம். வெந்ததை யார் யார், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். இரண்டையும் இன்று பேசுவோம்.

மீன் இல்லாத 61 நாள்

இந்த ஊருக்கு மீனைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி, காரப்பொடி மாதிரி மலிவான, சத்தான உணவு வேறு கிடையாது. கிடைக்கிற நாளெல்லாம் அதையே சாப்பிடுங்கள். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும். கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டு வருகிற கொஞ்ச மீனுக்கு விலை ஏறிவிடும். வருமானம் குறைகிற மாதமும், மீன் விலை ஏறுகிற மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

அப்போது பல வீடுகளில் என்ன நடக்கிறது? காலையில் பழையது, மத்தியானம் ரசம், இராத்திரிக்குக் கருவாடு. கருவாட்டில் சத்து உண்டு. ஆனால் உப்பும் நிறைய உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களுக்குத் தினமும் ஆகாது. மற்றவர்களும் நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசியே சமைக்க வேண்டும். முட்டையும் பருப்பும் கீரையும்தான் அந்த மாதங்களில் அன்றாடத் துணை. அதோடு பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கறி எடுக்கும்போது, வான்கோழியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வான்கோழி எந்த ஊர்ப் பறவை?

மயிலைப் பார்த்து ஆடியது என்று சொல்லி வான்கோழியைக் கேலி செய்கிறோம். அது உண்மையில் அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ நாட்டு மக்கள்தான் அதை முதலில் வீட்டுப் பறவையாக வளர்த்தார்கள். நம் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேட்டால் ஒரு வேடிக்கை சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கே ‘இந்தியாவின் கோழி’ என்றுதான் பொருள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இன்று அது நம் ஊர்த் தோட்டங்களில் மேய்கிற பறவை.

அதன் இறைச்சியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. தோலை நீக்கிவிட்டால் கொழுப்பு மிகக் குறைவு. நெஞ்சுக்கறி வெளுப்பாக இருக்கும், கொழுப்பு இன்னும் குறைவு. தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், அதில் இரும்புச்சத்து கூடுதல். சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு உள்ள மாமனார் மாமியாருக்கு, தோல் நீக்கிய நெஞ்சுக்கறியை எண்ணெய் குறைத்துக் கொடுக்கலாம்.

“விலை கூடவாச்சே, கட்டுமா?”

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பிராய்லர் கோழியைவிட விலை கூடத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வழி இருக்கிறது. தனியாக வாங்காதீர்கள், கூறு போட்டு வாங்குங்கள். உயிரோடு 6 கிலோ உள்ள பறவையை அறுத்துச் சுத்தம் செய்தால் நாலு கிலோவுக்குக் குறையாமல் கறி நிற்கும். நான்கு வீடு சேர்ந்தால் வீட்டுக்கு ஒரு கிலோ. எலும்பு, தொடை, நெஞ்சு எல்லாம் எல்லாக் கூறிலும் கலந்து வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கிலோவை ஒரே நாளில் தீர்க்க வேண்டாம். குளிர்ப்பெட்டி இருக்கும் வீட்டில் அரை அரைக் கிலோவாக இரண்டு இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் எட்டு வீடாகச் சேர்ந்து அரைக் கிலோ கூறாக எடுங்கள். கறியோடு பயறு சேர்த்துச் சமைத்தால் அரைக் கிலோ ஐந்து பேருக்குப் போதும்.

வான்கோழி–கொண்டைக்கடலைக் குழம்பு (ஐந்து பேருக்கு)

வேண்டியவை: எலும்போடு வான்கோழிக் கறி அரைக் கிலோ. கறுப்புக் கொண்டைக்கடலை 150 கிராம் (முதல் நாள் இரவே ஊறப் போடவும்). சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி 3, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 8 பல். மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகு, சீரகம், சோம்பு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை. எண்ணெய் 3 தேக்கரண்டி.

செய்முறை: எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தை வதக்கவும். இஞ்சி பூண்டு விழுதும் தக்காளியும் சேர்த்துக் குழைய வதக்கவும். கறியையும் தூள்களையும் போட்டுப் பிரட்டி, கடலையையும் அது முழுகத் தண்ணீரும் சேர்க்கவும். வான்கோழிக் கறி கோழிக்கறியைவிடக் கெட்டி. குக்கரில் ஆறேழு விசில், முற்றிய பறவையானால் இன்னும் இரண்டு. சட்டியில் வைத்தால் மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். மிளகு சீரகத்தைப் பொடித்துத் தூவி இறக்கவும். உப்பைக் கடைசியில், அளவாகப் போடவும்.

இதில் கறியிலிருந்து சுமார் 70 கிராம் புரதம், கடலையிலிருந்து சுமார் 30 கிராம். ஆக 100 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவுப்படி, சராசரி எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும். ஒரே வேளையில் பாதி அளவை நெருங்கிவிட்டோம்!

மறுநாளுக்கு: கறியை எடுக்கும்போதே கழுத்து, முதுகு எலும்புகளைத் தனியே வைத்து, மஞ்சள் போட்டு வேகவைத்து, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, மிளகு, பூண்டு சேர்த்துச் சாறு வையுங்கள். எலும்பில் ஒட்டிய கறியை உதிர்த்து அதிலேயே போடுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். வெறும் சாற்றில் சத்து அதிகம் இல்லை. கீரையும் உதிர்த்த கறியும்தான் சத்து. ஆகவே வடிகட்டிக் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு: ஆறு மாதம் முடிந்து இணை உணவுக்குப் பழகிய குழந்தைக்கு, காரம் சேர்க்கும் முன்பே இரண்டு துண்டு கறியை நன்றாக வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, சோற்றோடு மசித்து ஊட்டலாம். எலும்புத் துணுக்கு இல்லாமல் கையால் தடவிப் பாருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்

பல வருஷத்துக்கு முன் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வீடு பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கறிக்குழம்பு. வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தார், பிள்ளைகள் சாப்பிட்டன, மாமியார் சாப்பிட்டார். கடைசியில் அந்தப் பெண் கறிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நின்றுகொண்டே சாப்பிட்டாள். சட்டியில் ஒட்டிய மசாலாதான் அவள் பங்கு. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மறுநாள் இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது.

“ஏம்மா, உனக்குக் கறி எடுத்து வைக்கலையா?” என்று கேட்டேன். “அவுங்க சாப்பிட்டாப் போதும்மா, நமக்கு என்ன?” என்றாள். வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. அவருக்கு இது தெரியவே தெரியாது. சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சியது என்று எப்படித் தெரியும்?

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. பெண்ணுக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் மேலும் போகிறது. அதனால்தான் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றால், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று வகுத்திருக்கிறார்கள். அதிகம் வேண்டியவளுக்குக் குறைவாகக் கொடுக்கிறோம். இரத்தசோகையோடு பிரசவம் பார்த்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. பிள்ளையும் எடை குறைந்து பிறக்கும்.

கறி மட்டும் இந்தக் குறையைத் தீர்க்காது. ஆனால் கறிக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் கறி சேர்ந்தாலே பயறு, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளியும் அப்படியே. டீயும் காப்பியும் அதைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிள்ளை பெற்றபின் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

“கர்ப்பத்தில் கறி தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம்” என்று சில பாட்டிமார் சொல்வார்கள். அது சரியல்ல. ஈரலை மட்டும் கர்ப்பிணிகள் அடிக்கடி சாப்பிட வேண்டாம். அதில் வைட்டமின் ‘ஏ’ மிக அதிகம். வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு ஈரலைக் கொடுங்கள்.

ஆகவே ஒரு சின்னப் பழக்கம். குழம்பு இறக்கியதும், பரிமாறும் முன், துண்டுகளை எண்ணிப் பங்கு வையுங்கள். ஐந்து பேர், இருபது துண்டு என்றால் ஆளுக்கு நாலு. பிறகு எல்லோரும் ஒரே பந்தியாக உட்காருங்கள். தம்பிமாரே, இது உங்கள் வேலை! “நீயும் தட்டை எடுத்துக்கிட்டு உட்காரு” என்று நீங்கள் சொன்னால்தான் அவள் உட்காருவாள். மாமியார்மாரே, நீங்கள் கூப்பிட்டால் இன்னும் நல்லது. வாங்குவதும் அறுப்பதும் கூறு போடுவதும் ஆண்கள் செய்யட்டும். ஒரு நாள் சாராயக்கடையில் போகிற காசு, ஒரு இரவு கறிக் கூறுக்கு ஆகிறதா இல்லையா, நீங்களே கணக்குப் பாருங்கள்.

இதிலேயே குடும்ப நலமும் இருக்கிறது. ஒரு பிரசவத்தில் இழந்த சத்தை உடம்பு திரும்பச் சேர்க்க நாள் ஆகும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மூன்று வருஷ இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

நல்ல பறவையாகப் பார்த்து வாங்குங்கள்

1. மேய்ந்து, நடமாடி வளர்ந்த பறவையா என்று பாருங்கள். கண் தெளிவாக, இறகு ஒழுங்காக, நடை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். தூங்கி வழிகிற, கழிகிற பறவையை வாங்காதீர்கள். செத்த பறவையை மலிவு என்று தொடவே தொடாதீர்கள்.

2. மருந்து கொடுத்தார்களா என்று வளர்த்தவரைக் கேளுங்கள். மருந்து கொடுத்த பறவையை, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் கழியாமல் அறுக்கக் கூடாது. கண்டபடி மருந்து கொடுத்து வளர்த்தால் நாளை நமக்கு நோய் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகும்.

3. வீட்டில் இடம் இருப்பவர்கள் நாலைந்து பறவை வளர்க்கலாம். கொட்டகையில் ஒரு பறவைக்கு 4, 5 சதுர அடி வேண்டும். கீரை, புல், புழு பூச்சி தின்று மேய்ந்தால் தீவனச் செலவு பாதியாகக் குறையும். குஞ்சுகளுக்கு முதல் சில நாள் தானாகத் தின்னத் தெரியாது, பழக்கிவிட வேண்டும். நாட்டுக்கோழியோடு சேர்த்து அடைக்காதீர்கள். கோழியிடமிருந்து ஒரு குடல்–ஈரல் நோய் தொற்றி வான்கோழி மடிந்துவிடும். தடுப்பூசிக்கும் யோசனைக்கும் கால்நடை மருந்தகத்தையோ, குருமாம்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகுங்கள்.

4. பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய்கறியைத் தொடுங்கள். எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. வெந்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, கொதிக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஆடி மாதம் ஊரே கூடி வடம் பிடிக்கிறீர்கள். பிடித்த கை அத்தனைக்கும் பலம் இருந்தால்தான் தேர் நகரும். குடும்பத் தேரில் பாதி பாரம் இழுப்பவள் வீட்டுக்காரி. அவளைப் பட்டினி போட்டுத் தேரை இழுக்கச் சொல்லலாமா?

இன்று இரவே தொடங்குங்கள். வான்கோழி இல்லாவிட்டால் முட்டையாக இருக்கட்டும், மத்திக் குழம்பாக இருக்கட்டும். எண்ணிப் பங்கு வையுங்கள், சேர்ந்து உட்காருங்கள்.

சமைத்தவளுக்கும் சம பங்கு! தாய் நலமே குடும்ப நலம்!