பானைக்குத் தெரியாத ரகசியம்



தமிழருக்குப் பெருமை தருவது பழமையா, புதுமையா? எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "கீழடிப் பானையிலேயே நானோ குழாய் இருக்கு, இனிமே என்னய்யா புதுமை?" நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். உண்மைதானே! கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குயவருக்கு அது தெரியுமா? பூச்சு உதிராமல் நிற்பது அவர் கைத்திறன். அந்தக் கையை வணங்குகிறேன். உள்ளே குழாய் இருப்பது அவருக்கும் தெரியாது, பானைக்கும் தெரியாது! (கைதட்டல்) 1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமா எழுதிய பிறகுதான் உலகமே அந்தக் குழாயைக் கவனித்தது.

தெரிந்துகொண்டவர்கள் என்ன செய்தார்கள்? 2000-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லீபர் குழுவினர் ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு குழாயைக் கீழே கிடத்து. இன்னொன்றை அதற்கு மேலே குறுக்காகத் தொங்க விடு. எதிரெதிர் மின்னூட்டம் கொடுத்தால் மேல் குழாய் வளைந்து ஒட்டிக்கொள்ளும்: சுவிட்ச் ஆன். ஒரே மின்னூட்டம் கொடுத்தால் விலகும்: ஆஃப். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். அந்த அளவில் ஒரு சுவிட்ச்!

இதனால் என்ன லாபம்? நந்தனம் சிக்னல்ல சிவப்பு விழுந்தாலும் நாலு பைக் நைசா நழுவுதே, டிரான்சிஸ்டரும் அப்படித்தான். அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் கசியும். இந்தச் சுவிட்ச் பாம்பன் பாலம் மாதிரி. பாலத்தைத் தூக்கிட்டா ரயில் எப்படிப் போகும்? நடுவில் இடைவெளி இருக்கிறதே!

சிக்கலும் உண்டு. சில சமயம் ஒட்டினது பிரிய மாட்டேங்குது. நம்ம வீட்டுல பிரிஞ்சது ஒட்ட மாட்டேங்குது! (சிரிப்பு) லட்சக்கணக்கான குழாய்களை வரிசையாக அடுக்குவதும் லேசில்லை.

தெரியாமல் கிடைத்ததைக் கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து செய்கிறவன்தான் மறுபடியும் செய்ய முடியும். நாளைக்கு உங்க பிள்ளை பழைய சுவிட்ச்சைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டா அதட்டாதீங்க. மெயினை அணைச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து கழற்றிக் காட்டுங்க. பாட்டன் சுட்ட பானைக்குப் பேரன் சொல்லும் விளக்கம்தான் பெருமை!

ஆகவே, புதுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.