குறவஞ்சிக்கு என் வாக்கு



பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் தொடர் நாடகங்களில் பெருவிருப்புடையவர்கள். தொலைக்காட்சி வருமுன்னரே அவர்கள் வானொலித் தொடர் நாடகங்களைக் கேட்டு மகிழ்ந்தார்கள். இன்று தொலைக்காட்சித் தொடரை ‘டெலிசெரியே’ என்று வழங்குகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பங்ககோ சா இயோ’ என்ற தொடர் அந்நாட்டு எல்லையைக் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. ‘ஆங் ப்ரொபின்சியானோ’ என்ற தொடரோ 2015 முதல் 2022 வரை நடைபெற்றது. ஆண்டுதோறும் இத்தகைய தொடர்களுள் தமக்கு மிக இனியது எது என்று நேயர்கள் வாக்களித்துத் தெரிவிக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

அத்தகைய வாக்குச்சீட்டு ஒன்றைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் கொடுத்து, “உங்கள் உள்ளம் கவர்ந்த நாடகம் எது?” என்று கேட்டால் என்ன எழுதுவது? 1999 முதல் 2001 வரை வந்த ‘சித்தி’யைச் சிலர் எழுதுவர். 2002-இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யைச் சிலர் எழுதுவர். நானோ தயங்காமல் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ என்றே எழுதுவேன். “அது தேர்வுக்குப் படிக்கும் செய்யுள் நூலாயிற்றே!” என்று நீங்கள் வியக்கலாம். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே இன்று பேச வந்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் தொலைவே இருக்கும். தென்காசியை அடுத்துள்ள மேலகரம் என்ற ஊரில் பிறந்தவர் திரிகூட ராசப்பக் கவிராயர். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருடைய குறவஞ்சியைப் பாராட்டி நிலம் வழங்கினார். அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. நாடகம் ஒன்று நிலத்துக்கே பெயராக நின்றது என்றால், அதை மக்கள் எவ்வளவு விரும்பியிருக்க வேண்டும்!

தொடர் நாடகத்தின் உயிர்நிலை எது? அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலே அன்றோ? அந்த ஆவலைக் கவிராயர் எவ்வாறு வளர்க்கிறார் என்று பாருங்கள். முதலில் கட்டியக்காரன் வந்து அறிவிக்கிறான். குற்றாலநாதர் வீதியில் உலா வருகிறார். மங்கையர் திரண்டு காண்கின்றனர். வசந்தவல்லி என்ற நங்கை பந்தாடிக்கொண்டு வருகிறாள். உலா வந்த பெருமானைக் காண்கிறாள், காதல் கொள்கிறாள். உலா கடந்து போய்விடுகிறது. அவளோ நிலவையும் தென்றலையும் நொந்துகொண்டு வாடுகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். தூது என்னவாகும் என்று நாம் காத்திருக்கும் வேளையில், கையில் மாத்திரைக்கோலும் இடுப்பில் கூடையுமாக மலைக்குறத்தி ஒருத்தி தெருவில் வந்து நிற்கிறாள்!

வந்தவள் உடனே குறி சொல்லிவிடுகிறாளா? இல்லை. “உன் மலை எது? உன் நாடு எது?” என்று வசந்தவல்லி கேட்கிறாள். குறத்தி தன் மலைவளத்தைப் பாடத் தொடங்குகிறாள். குரங்குகளின் விளையாட்டும், அருவியின் ஆரவாரமும், மலைத்தேனும், மூலிகையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனிமாதச் சாரலில் பேரருவியின்கீழ் ஒருமுறை நின்றவர்கள் அப்பாடல்களைக் கேட்டால், மேலே தண்ணீர் விழுவது போலவே உணர்வார்கள். இக்காலத் தொடர்கள் பலவற்றில் வரும் வீடு சென்னையிலும் இருக்கலாம், சேலத்திலும் இருக்கலாம். குறவஞ்சியையோ குற்றாலத்திலிருந்து பெயர்த்தெடுத்து வேறோர் ஊரில் வைக்க முடியாது. இதுவே நான் அதற்கு வாக்களிப்பதற்கு முதற்காரணம்.

பின்னரே குறத்தி கைரேகை பார்க்கிறாள். வசந்தவல்லியின் நோய் காதல்நோய் என்றும், அவள் உள்ளம் கவர்ந்தவர் குற்றாலநாதரே என்றும் குறிப்பால் உணர்த்திப் பின் வெளிப்படுத்துகிறாள். மகிழ்ந்த நங்கை அணிகலன்களை வாரி வழங்குகிறாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கவிராயர் நம்மை விடுவதாயில்லை. குறத்தியின் கணவன் சிங்கன், பறவை பிடிக்கும் வேட்டுவன், தோழன் நூவனோடு கண்ணி சுமந்து வருகிறான். பறவைகள் வந்து இறங்குகின்றன. ஆனால் சிங்கனுடைய மனம் பறவையில் இல்லை. காணாமற்போன சிங்கியினிடத்தில் இருக்கிறது. அவளைத் தேடி அலைகிறான். இறுதியில் குற்றாலத் தெருவிலேயே அவளைக் கண்டுகொள்கிறான். கண்டவுடன் அவனுக்கு அச்சம்! காலில் சுற்றிக் கிடப்பது பாம்போ என்று கேட்கிறான். அது சிலம்பு என்கிறாள் அவள். ஒவ்வோர் அணியையும் அவன் ஐயத்தோடு கேட்க, குறி சொல்லிப் பெற்ற பரிசு என்று அவள் நகைத்து விளக்குகிறாள். ஊடலும் நகையும் கலந்த அவ்வினா விடைக்கு நிகரான உரையாடலை இன்றைய தொடர்களில் தேடித்தான் காணவேண்டும்.

இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். உயர்குடி நங்கை வசந்தவல்லியின் மணம் மேடையில் நிகழ்வதில்லை. வீடும் வாயிலும் இல்லாத மலைக்குறவர் இருவர் கூடி மகிழ்வதோடு நாடகம் நிறைவுறுகிறது. நாடகத்தின் நடுவிலோ, செல்வத்தில் வளர்ந்தவள் தன் கையை நீட்டி அமர்ந்திருக்கிறாள். அவள் அறியாத அவளுடைய வாழ்வைக் குறத்தி அறிந்து சொல்கிறாள். அறிவு அங்கே மலையிலிருந்து இறங்கி வருகிறது. நான் வாக்களிப்பதற்கு இஃது இரண்டாம் காரணம்.

ஆயினும் நேயர்களே, விரும்பிய நாடகத்தைப் புகழ்வது மட்டும் போதாது. மேடைக் குறத்தியைப் பாராட்டிய நாடு, தெருவில் நடந்த குறவரை எவ்வாறு நடத்தியது? 1871-இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்கீழ்ப் பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகங்களுள் குறவர் பிரிவினரும் இருந்தனர். பிறந்த குலம் ஒன்றையே குற்றமாகக் கருதிய அச்சட்டத்தை மக்கள் ‘கைரேகைச் சட்டம்’ என்று அழைத்தார்கள். அவர்களுடைய விரற்பதிவுகளை அரசு எடுத்து வைத்ததே அதற்குக் காரணம். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அச்சட்டம் நீங்கியது.

கவிராயர் காட்டிய குறத்தி பிறர் கையைப் பார்த்து நல்வாழ்வு கூறினாள். பின்வந்த அரசு அவள் குலத்தாரின் கையைப் பிடித்துச் சந்தேகத்தோடு மை தடவியது. இவ்விரண்டு கைரேகைகளையும் ஒருசேர நினைக்காமல் என்னால் இன்று குறவஞ்சியைப் படிக்க இயலவில்லை. மேடையில் ஒருவரை விரும்புவதும் வாழ்க்கையில் அவரை மதிப்பதும் வேறு வேறாகிவிடக் கூடும் என்பதை இவ்வரலாறு நமக்கு உரைக்கிறது. தொலைக்காட்சியில் ஏழைத் தாய் ஒருத்தி அழும்போது உடன் அழுகின்ற நாம், நம் வாயிலில் வந்து நிற்கும் ஏழையிடம் எவ்வாறு பேசுகிறோம்? இவ்வினாவை ஒவ்வொரு தொடரைப் பார்க்கும்போதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குறவஞ்சி நடித்தற்குரிய நாடகம். 1944-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தம் கலாக்ஷேத்திரத்தில் அதை நாட்டிய நாடகமாக அமைத்தபோது, ஏட்டில் கிடந்த நூல் மீண்டும் மேடையில் எழுந்து நடந்தது. அதே செயலை உங்கள் பள்ளியும் கல்லூரியும் செய்யலாம். பெரும்பொருள் வேண்டா. பந்து ஒன்று, கூடை ஒன்று, கோல் ஒன்று, பாடத் தெரிந்த நான்கு பேர் இருந்தால் போதும். குறத்தியாக நடிப்பவர் இழிந்த நகைப்புக்கு இடங்கொடாமல், அறிவும் பெருமிதமும் உடைய பெண்ணாகவே அவளை நடித்துக் காட்ட வேண்டும். கவிராயர் படைத்த குறத்தி அத்தகையவளே.

சென்ற ஆண்டு எந்தத் தொடரைப் பார்த்து மகிழ்ந்தோம் என்பது இரண்டு ஆண்டுகளில் மறந்துபோகும். முந்நூறு ஆண்டுகளாக மறக்கப்படாத ஒரு நாடகம் தென்காசிக்கு அருகில், அருவியின் ஓசை கேட்கும் தொலைவில் பிறந்தது. அதை ஒருமுறை நடித்துப் பாருங்கள். அதன்பின் உங்கள் வாக்கை எதற்கு வேண்டுமானாலும் அளியுங்கள்.