சிவப்பு விளக்கு காக்கிக்கும் சிவப்புதான்

(மும்பையில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ரேஷன் கார்டு, குடிசைக்குப் பட்டா, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் என்று நம் தலைக்கு மேல் எத்தனையோ இருக்க, போலீஸ்காரர் ஹெல்மெட் போட்டாரா போடவில்லையா என்பதெல்லாம் சங்கத்தில் பேசுகிற பேச்சா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும். இந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டு அடுப்பு எரிவது சக்கரம் ஓடுவதால்தான். ஆட்டோ, டெம்போ, டாக்ஸி, வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிற பைக், இட்லிப் பானையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் தாராவியிலிருந்து கிளம்புகிற சைக்கிள். சாலைதான் நமக்கு வயல். அந்த வயலில் நமக்கு ஒரு சட்டம், காக்கிக்கு ஒரு சட்டம் என்றால் அது நம் சோற்றுப் பிரச்சினை.

போன மழைக்காலத்தில் நம் வட்டாரத்துப் பையன் ஒருவன் நம்மிடம் வந்தான். பெயர் வேண்டாம். உணவு கொண்டு கொடுக்கும் வேலை. மனைவிக்குக் காய்ச்சல், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அவன் தலையில் ஹெல்மெட், அவள் தலையில் சேலைத் தலைப்பு. ஒரு சந்திப்பில் நிறுத்தினார்கள். 2022 ஜூன் முதல் மும்பையில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று அமல்படுத்துகிறார்கள் அல்லவா, அதன்படி சலான். இதில் அவனுக்கு வருத்தம் இல்லை. தப்பு தப்புதான் என்கிறான். ஆனால் சலான் போட்டுக்கொண்டிருக்கும்போதே, காக்கிச் சட்டையில் இரண்டு பேர் ஒரே பைக்கில், இரண்டு தலையும் வெறும் தலையாக, எதிர்த் திசையிலிருந்து நோ என்ட்ரிக்குள் புகுந்து வந்திருக்கிறார்கள். சலான் போட்டவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்திருக்கிறார். பையன் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணாச்சி, அவங்க மண்டை மட்டும் இரும்பா?"

இதற்கு நம்மில் யாரும் பதில் சொல்ல முடியவில்லை. எனவேதான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டது. அதன் 129-வது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வண்டியில் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. யாருக்கு விலக்கு? தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு. வேறு யாருக்கு? தேடித் தேடிப் பார்த்தோம், காக்கித் தொப்பிக்கு விலக்கு என்று ஒரு வரி கிடையாது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதோடு 3 மாதம் லைசென்ஸ் பறிப்பு என்கிறது 194-டி பிரிவு. அபராதத்தைச் சமரசமாகக் கட்டி முடிக்கும் தொகையை மாநிலங்கள் குறைத்து வைத்துக்கொள்ளலாம். மராட்டியத்தில் புதிய தொகைகள் 2021 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. ஆனால் நம்மைக் கொல்வது அந்த ஆயிரமோ ஐந்நூறோ அல்ல. அந்த 3 மாதம்! மாதச் சம்பளக்காரருக்கு லைசென்ஸ் போனால் பஸ்ஸில் போவார். ஆட்டோக்காரருக்கு லைசென்ஸ் போனால் அடகுக் கடைக்குப் போவார்.

நியாயமாகப் பேச வேண்டும். போலீஸ் வண்டிக்குச் சில சலுகைகள் உண்டு, இருக்கவும் வேண்டும். 2017-ல் வெளியான வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி ஆகியவை அவசரப் பணிக்குப் போகும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம் என்று அனுமதிக்கிறது. அதுவும் சைரன் ஒலித்து, விளக்கு சுழன்று, பிறருக்கு ஆபத்து நேராதபடி எச்சரிக்கையோடு. கொள்ளைக்காரனைத் துரத்துகிறவர் சிக்னலில் நிற்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. டீக்கடைக்குப் போவது அவசரப் பணியா? பிள்ளையைப் பள்ளியில் விடுவது அவசரப் பணியா? சொந்த பைக்கின் நம்பர் பலகையில் 'போலீஸ்' என்று சிவப்பில் எழுதிக்கொண்டு நடைபாதையில் ஏற்றி நிறுத்துவதை எந்த ஒழுங்குமுறை அனுமதிக்கிறது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஓட்டுநர் தோழர்கள் இந்த எண்ணை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்: 210-பி.

2019-ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அபராதங்களைப் பல மடங்கு ஏற்றியது அந்தத் திருத்தம்தான். அது ஊருக்கெல்லாம் தெரியும். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதே திருத்தத்தில் 210-பி என்று ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டது; 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அது சொல்வது இதுதான்: இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே இந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்குரிய தண்டத்தைப் போல இரண்டு மடங்கு அவருக்கு விதிக்கப்படும். பணியில் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று அந்தப் பிரிவு பிரித்துப் பேசவில்லை. சாதாரண ஆளுக்கு ஆயிரம் என்றால் அவருக்கு இரண்டாயிரம்.

தோழர்களே, இதை இரண்டு முறை படித்தோம். நம் ஊர்ப் பழமொழி, மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறது. சட்டமோ அந்தப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பி, மாமியார் உடைத்தால்தான் பொன்குடம் என்று எழுதி வைத்திருக்கிறது! சரியான நியாயம்தான். தெரியாமல் மீறுகிறவன் ஒருவன். சட்டம் தெரிந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, பிறரைத் தண்டித்துக்கொண்டே மீறுகிறவர் இன்னொருவர். இரண்டும் ஒன்றாகுமா?

ஆனால் அந்த இரண்டு மடங்குச் சலானை எழுத வேண்டியவர் யார்? அதே நாக்காவில் நிற்கும் சக காவலர். மீறியவர் சில சமயம் அவருடைய மேலதிகாரி. தன் இன்ஸ்பெக்டரின் ஜீப்பை நிறுத்திச் சலான் போடுகிற ஹவல்தாருக்கு மறுநாள் எங்கே டியூட்டி விழும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வாயைத் திறந்திருக்கிறது, கை கட்டிக்கிடக்கிறது. அங்கேதான் சிக்கல்.

நாம் ரெயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள். அங்கே சிவப்பு என்றால் என்ன பொருள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டால், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், அவரை வண்டியிலிருந்து இறக்குகிறார்கள். விசாரணை நடக்கிறது. 20 வருடம், 25 வருடம் சுத்தமாக ஓட்டியவருக்கும் வேலையே போகும் நிலை வரும். 'நானே ரெயில்வேக்காரன், எனக்கு எதற்கு சிக்னல்' என்று எந்த டிரைவரும் கேட்டதில்லை. ரெயில்வே ஊழியர் பாஸ் இல்லாமல் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணிதான். அங்கேயும் முகம் பார்த்து விடுகிற பரிசோதகர் உண்டு, இல்லை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற வேண்டாம். ஆனால் சிக்னல் விஷயத்தில் முகம் கிடையாது. பின்னால் ஆயிரம் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதால்.

சாலையிலும் உயிர்தானே போகிறது? மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். விபத்துக்குக் காக்கி என்றும் கட்டம் போட்ட சட்டை என்றும் வேற்றுமை தெரியாது.

மேலே இருப்பவரைச் சட்டம் தொட்டதே இல்லையா என்றால், தொட்டிருக்கிறது. 1982-ல் டெல்லியில், பிரதமர் இல்லத்துக் கார் ஒன்று நிறுத்தக்கூடாத இடத்தில் நின்றதற்காக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அதை இழுத்துப்போகச் செய்தார். அப்போது டெல்லிப் போக்குவரத்துப் போலீஸில் துணை ஆணையராக இருந்தவர் கிரண் பேடி. அந்தப் பெருமை இந்தியா முழுக்கப் பரவியது. அதே கிரண் பேடி 2017-ல் புதுச்சேரி துணைநிலை ஆளுநராக, பெண்களுக்கு இரவில் பாதுகாப்பு எப்படி என்று பார்க்க ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனார், ஹெல்மெட் இல்லை. கேள்வி எழுந்தது. பிறகு 2019 பிப்ரவரியில் அவரே தெருவில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். முதலமைச்சர் நாராயணசாமி ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்ததற்கு அந்த ஹெல்மெட்டும் ஒரு காரணம். நல்ல நோக்கம் இருந்தால்கூட, தன் தலையில் இல்லாததை அடுத்தவர் தலையில் வைக்கும்போது ஊர் கேட்கத்தான் செய்யும்.

கார் கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மந்திரிமார் கார்களின் சிவப்புச் சுழல் விளக்கு 2017 மே 1-ஆம் தேதியோடு இறங்கியது. இறக்க முடியாது என்று நினைத்த விளக்குதான் அது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். போலீஸ்காரர் நமக்கு எதிரி அல்ல. மே மாத வெயிலில், லாரிப் புகையில், நாள் முழுக்கக் கால் மரத்து நிற்கிற காவலரும் கூலிக்காரர்தான். அவர் வீட்டிலும் வாடகை, பள்ளிக் கட்டணம். ஒழுங்காக ஹெல்மெட் போட்டு, மழையில் நனைந்துகொண்டே நம் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிறவர்களையும் தினம் பார்க்கிறோம். நாம் கேட்பது சலுகையை ஒழிக்கத்தான், ஆளை ஒழிக்க அல்ல.

அதே போல, 'அவரே போடவில்லை, நாம் ஏன் போட வேண்டும்' என்று டீக்கடையில் பேசுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பிகளா, அது நியாயம் கேட்கிற பேச்சு அல்ல. சாக்குச் சொல்கிற பேச்சு. சிக்னலைத் தாண்டிவிட்டு 210-பி பற்றிப் பேசினால் யார் காது கொடுப்பார்கள்? நம் கையில் சுத்தமான லைசென்ஸும் தலையில் ஹெல்மெட்டும் இருந்தால்தான் வாய் திறக்க முடியும்.

வாய் திறக்கப் பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. 1966-க்குப் பிந்தைய நாட்களை இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மறக்கவில்லை. மதராஸி என்று கடைப் பலகையைப் பார்த்து அடித்த காலம். ஊர் விட்டு ஊர் வந்தவன் போலீஸிடம் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்ற நடுக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் தனியாளாகக் கேட்க வேண்டாம் என்கிறோம். சாலையில் கேட்கவே வேண்டாம். நிறுத்தினால் நில்லுங்கள். காகிதத்தைக் காட்டுங்கள், போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். வாக்குவாதம் வேண்டாம், கைகலப்பு வேண்டவே வேண்டாம். விதியை மீறிய காக்கி வண்டி கண்ணில் பட்டால் வண்டி நம்பர், இடம், தேதி, நேரம் இந்த நான்கையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கேள்வியைக் காகிதத்தில் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி காரணம் கேட்க முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. மராட்டியத்தில் ஒரு மனுவுக்கு ஒரே பொருள், 150 சொல்லுக்குள் என்று விதி இருக்கிறது. நமக்கு அவ்வளவு சொல்கூட வேண்டாம். 2019 செப்டம்பர் முதல் இன்றுவரை 210-பி பிரிவின் கீழ் எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது? போலீஸ் துறையின் வண்டிகள் மீது எத்தனை இ-சலான் விழுந்தது, அதில் எத்தனை கட்டப்பட்டது? இவ்வளவுதான் கேள்வி.

மனுவை மராத்தியில் எழுத வேண்டும். இந்த மண்ணில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்த நம் பெண் பிள்ளைகள் நான்கு பேர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுத்து நம் எழுத்தை விட அழகு. ஒருவர் பெயரில் ஒரு மனு என்று பத்து மனுவாவது போக வேண்டும். ஒன்று தொலைந்தால் ஒன்று நிற்கும். வாசலுக்கு வலப்பக்கம் மேசை போட்டிருக்கிறது. பெயரும் முகவரியும் கொடுத்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். கட்டண ரூபாயைச் சங்கம் கொடுக்கும். பதில் வந்த மறுமாதம் அதை அப்படியே இந்தப் பத்திரிகையில் அச்சிடுவோம்.