சுத்தி என்பது என்ன?

(செங்கற்பட்டில் பேசியதன் சாரம்)



மருந்துச் சரக்குகளுக்குச் செய்கின்ற "சுத்தி"யைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றேன். சுத்தி என்றவுடனே நம்மவர்களுக்குத் தீட்டும், மந்திரமும், நல்ல நாளுந்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் வைத்தியன் அடுப்பில் நடப்பது வேறு சங்கதியாகும்.

உங்கள் வீட்டுச் சுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இஞ்சியில் ஜிஞ்சரால் என்கின்ற காரப்பொருள் இருக்கின்றது. இஞ்சியை உலர்த்தினால் அதில் ஒரு பங்கு, ஷோகால் என்னும் வேறு பொருளாகின்றது. இதற்குக் காரம் அதிகம். ஆகவே சுக்கு வெறும் வாடின இஞ்சியல்ல. ராகு காலத்தில் உலர்த்தினாலும் ஷோகால் உண்டாகத்தான் செய்யும்.

இனி விஷச் சரக்குக்கு வருவோம். வசநாபிக் கிழங்கிலுள்ள அகோனிடின் இருதயத் துடிப்பைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது. நம் வைத்தியர்கள் அக்கிழங்கைப் பசுவின் மூத்திரத்தில் ஊறவைத்தும், பாலில் வேகவைத்தும் சுத்தி செய்வதுண்டு. உடனே ஒருவர், "பார்த்தீர்களா கோமாதாவின் மகிமையை!" என்பார். சீனர்கள் அந்த இனத்துக் கிழங்கை வெறும் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைத்தே நஞ்சைக் குறைக்கின்றார்களே, அங்கே எந்தக் கோமாதா வந்தாள்? நீரும் சூடும் சேர்ந்து அகோனிடினை உடைத்து, நஞ்சு குறைந்த பொருள்களாக்கி விடுகின்றன. வேக்காடு குறைந்தாலோ எந்த மந்திரமும் காப்பாற்றாது.

அதனால் எதையும் வேகவைத்தால் சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். சீனத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்னும் அம்மையார், பழைய ஏடு ஒன்றில் ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டார். காய்ச்சச் சொல்லவில்லையே, சூடு சத்தைக் கெடுக்கின்றதோ என்று சந்தேகித்தார். 1971-ல் குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சத்தெடுத்தார், பலித்தது. 2015-ல் நோபெல் பரிசும் கிடைத்தது. அவர் ஏட்டைக் கும்பிடவுமில்லை, குப்பையில் எறியவுமில்லை, சோதித்துப் பார்த்தார்.

இது நம்மால் ஆகாதா? 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலியில் பாருங்கள். அவர்கள் எடுத்த நஞ்சிலிருந்து ஆய்வுசாலைகள் நஞ்சுமுறி மருந்து செய்தன. மந்திரிப்பவர் காப்பாற்றாத உயிரை, தாழ்ந்தவரென்று தள்ளப்பட்டவரின் கைத்திறமும் விஞ்ஞானமும் சேர்ந்து காப்பாற்றின. இங்கே தண்டரையில் இருளர் பெண்கள் சங்கமாய்க் கூடி மூலிகை வளர்த்து மருந்தும் செய்திருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர்களின் பக்குவமும் அவர்கள் பேராலேயே எழுதப்பட்டு, ஆய்வுசாலையில் சோதிக்கப்பட வேண்டாமா?

ஆகையால் தோழர்களே, விஷச் சரக்குகளை வீட்டில் நீங்களாகப் பக்குவம் செய்யாதீர்கள். மருந்து கொடுப்பவரிடம், "இது என்ன சரக்கு? எத்தனை நாழிகை வெந்தது? யார் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். "குரு ரகசியம்" என்பாரானால் அம்மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாமல் விழுங்குவதுதான் சுயமரியாதைக்குக் குறைவாகும்.