லைன் என்னும் சொல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம். அதுதான் ‘லைன்’.

இலத்தீன் மொழியில் ஆளிச்செடியின் நாரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது இது. எனவே இதன் முதற்பொருள் நூல், கயிறு என்பதே. இழுத்துப் பிடித்த நூல் கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று. செய்யுளின் அடியும் லைன். ஹட்டனுக்கு வரும் புகையிரதப் பாதையும் லைன். தூண்டிற் கயிறும் லைன்.

பட்டாளத்தார் தங்கிய வரிசைக் குடியிருப்பையும் ஆங்கிலேயர் லைன் என்றனர். தமிழ்நாட்டில் ‘போலீஸ் லைன்’ என்பது இன்றும் வழக்கு. பொகவந்தலாவை மலைகளில் அச்சொல் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெயராயிற்று. நமது நாவோ அதனை ‘லயம்’ என்று ஆக்கிக்கொண்டது. தமிழில் லயம் என்றால் ஒன்றிப்போதல், தாளத்தின் சீர். 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கிய இடத்துக்கு இப்பெயர் வாய்த்தது விந்தைதான்!

ஒன்றைக் கவனியுங்கள். லைன் என்பது வரிசையின் பெயர், வீட்டின் பெயரன்று. அதனாற்றான் போலும், இன்றும் பல தோட்டங்களில் வீட்டுக்கெனத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வருகிறது.

இச்சொல்லுக்கு வமிசவழி என்ற பொருளும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது அந்த லைனைத்தான். இங்கே பிறந்தவரானாலும், தந்தை இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லைனிலே தலைமுறையாய் வாழ்ந்தவர்கள், தலைமுறை லைனைக் காகிதத்திலே காட்ட இயலாமல் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பலர் இந்தியா சென்றனர், குடும்பங்கள் இரண்டுபட்டன. அவ்வாண்டு அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாய் வாழ்ந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இளைஞர்களே, இன்றிரவே உங்கள் பாட்டிமாரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம்? யார் எந்தத் தோட்டத்திற் பிறந்தார்? யார் இந்தியா போனார்? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். பெரியோர்களே, தயங்காது சொல்லுங்கள். நீங்கள் சொல்லாது விட்டால் அதைச் சொல்ல வேறு ஆளில்லை.

லைன் என்பது முதலில் நூல் என்றோம். அந்த நூல் நம் கையில் அறுந்துபோக வேண்டாம்.